நான்காம் பக்கம்

செலினோடு ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், பந்தியில் உட்காருவதற்குள் எத்தனை இலை, எத்தனை தலை என்று சொல்லிவிடுவாள். யாங்கோன் நகரத்துப் போட்டாதாங்கில் அவள் தனியாகக் குடியிருக்கும் பழைய கட்டடத்தின் மாடிப்படிகள் எழுபத்தெட்டு. பன்சோடான் துறையிலிருந்து ஆற்றைத் தாண்டி டாலாவுக்குப் போகும் காலைப் படகில் உட்காருகிறவர்கள் இவ்வளவு, நிற்கிறவர்கள் இவ்வளவு என்பதும் அவளுக்கு மனப்பாடம். உனக்கு எதற்கம்மா இந்த வேலை என்று கேட்டால், "எண்ணாம விட்டா அந்த ஆளு இல்லாமலே போயிடுவான்" என்பாள். அதை அவள் சும்மா சொல்லவில்லை, நம்பினாள். நம்பியதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளுடைய அப்பா பிரான்சிஸ் துறைமுகத்தில் எழுத்தர். தாத்தாவும் எழுத்தர்தான். மிஷன் பள்ளியில் படித்து, முத்து முத்தாக எழுதி, யாருக்கோ கணக்குப் பார்த்தே தேய்ந்த குடும்பம். செலின் படிக்கப் போகும்போது மிஷன் பள்ளியெல்லாம் சர்க்கார் பள்ளியாகிவிட்டது. பர்மியப் பாடம் பள்ளியில், தமிழும் இங்கிலீஷும் அப்பாவிடம் சாப்பாட்டு மேசையில். 1993இல் டாலாவில் சுகாதார அலுவலகத்தில் புள்ளிவிவர எழுத்தராகச் சேர்ந்தாள். கல்யாணம் இரண்டு முறை வந்து வாசலோடு போனது. பதிவேட்டுக்கு வாக்கப்பட்டவள் என்று உறவில் கேலி பேசுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை.

வேலை என்னவென்றால், அந்த வட்டாரத்தில் எத்தனை பிள்ளை பிறந்தது, எத்தனை இறந்தது, யாருக்கு எந்த ஊசி போட்டார்கள் என்று மாதா மாதம் எழுதி மேலே அனுப்புவது. மேலே இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் எந்த வார்டுக்கு எத்தனை ஊசி, எங்கே ஒரு மருத்துவச்சி என்று திட்டம் போடுவார்கள். சுகாதாரத் திட்டம் என்றால் பெரிய மனிதர்கள் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து போடுவது என்று நாம் நினைக்கிறோம். அந்த மேசைக்குப் போகும் எண்ணைச் செலின் மாதிரி யாரோ ஒருத்தி மழையில் நனைந்துகொண்டு எழுதியிருப்பாள். அவள் விட்டால் விட்டதுதான்.

அவளுடைய வட்டாரத்தில் அப்படி விட்டுப்போன இடம் ஒன்று இருந்தது. ஆற்றோரத்துக் கடைசி வார்டில், கரைக்கும் சேற்றுக்கும் நடுவில், புறம்போக்கில் நின்ற குடிசைகள். புயலில் வீடு போனவர்கள், வாடகை கட்ட முடியாமல் நகரத்திலிருந்து தள்ளப்பட்டவர்கள், பர்மியர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் கலந்து இருந்தார்கள். யாருக்கும் வீட்டுப் பட்டியலில் பெயர் கிடையாது. வீடே சட்டப்படி இல்லாதபோது பட்டியல் எப்படி இருக்கும்? பட்டியலில் இல்லாதவர்களுக்குத் திட்டத்திலும் இடமில்லை.

2017இல் யாங்கோனில் ஒரு ஹோட்டலில் திட்டமிடுகிறவர்களுக்கு ஒரு வாரப் பயிற்சி நடந்தது. பாடம் நடத்த ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், செலினைவிடப் பத்து வயது இளையவள். தன் நாட்டில் கதவு எண் இல்லாத கிராமங்களை எப்படித் திட்டத்துக்குள் கொண்டுவந்தோம் என்று சொன்னாள். ஊர்க்காரர்கள் ஒருவரை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே எழுதுங்கள், நெட்டையன் என்றால் நெட்டையன், மீன்காரி என்றால் மீன்காரி, அப்போதுதான் அடுத்த முறை போகும்போது அதே ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்றாள். செலின் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். எங்கள் பாட்டன் காலத்தில் குடிசையை எண்ண வந்த வெள்ளைக்காரன் வரி போட எண்ணினான், அதனால் எண்ண வருகிறவனைக் கண்டாலே எங்கள் ஜனங்கள் ஓடினார்கள், எண்ணுவதற்கு முன்னால் இந்த எண் யார் கைக்குப் போகும் என்று கேளுங்கள் என்றாள். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. செலின் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பியதும் புறம்போக்குக் குடிசைகளை எண்ணத் தொடங்கினாள். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. பதிவேட்டின் பின்பக்கங்களில் பென்சிலால், தமிழில் எழுதினாள். அலுவலகத்தில் தமிழ் வாசிக்க ஆளில்லை என்பது ஒரு வசதி. அந்த இடத்தில் மோகன் என்று இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் படகு தள்ளினான். இன்னொருவனுக்கு அப்போது இருபத்தொரு வயது, அந்தக் கோடையில் தலைச்சுமையாக ஐஸ் விற்றான். ஒருவனைப் படகு மோகன் என்றும் மற்றவனை ஐஸ் மோகன் என்றும் எழுதிக்கொண்டாள். ஐஸ் வியாபாரம் ஒரே கோடையில் கரைந்துவிட்டது. பிறகு அவன் பக்கவாட்டில் இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா, அந்த ஊர்ப் பேச்சில் சைக்கா, மிதிக்கப் போனான். ஊரில் அவனைச் சைக்கா மோகன் என்றே கூப்பிட்டார்கள். செலினின் பென்சில் மட்டும் ஐஸிலேயே நின்றது.

2021 வந்தது. ஆட்சி பட்டாளத்தின் கைக்குப் போனதும், அதை எதிர்த்து ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வேலையை விட்டு வெளியேறினார்கள். அந்த வார்டு மருத்துவச்சியும் போனாள். செலின் போகவில்லை. அதற்காக அவளை ஏசியவர்கள் உண்டு, மாதாகோயில் வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் உண்டு. "எல்லாரும் போனா யாரு செத்தா, யாரு பொறந்தான்னு எழுத ஒரு ஆள் வேணாமா?" என்று கேட்டாள். அது சரியா தப்பா என்று எனக்கும் தெரியவில்லை. அவள் இருந்தாள், அவ்வளவுதான்.

மருத்துவச்சி இல்லாத இரண்டாம் வருடம் சைக்கா மோகனின் மனைவி அஞ்சலிக்கு முதல் பிரசவம். வலி சாயங்காலம் பிடித்தது. பெரிய படகு அன்றைய ஓட்டம் முடிந்து நின்றுபோய்விட்டது. சிறு படகில் படுக்கவைத்து யாங்கோன் கரைக்குக் கொண்டுபோனார்கள். பாதி ஆற்றில் பிள்ளை பிறந்தது. கரை சேருவதற்குள் போய்விட்டது. பெண் குழந்தை. மறுநாள் செலின் அதை எழுதினாள். பிறப்பு ஒன்று, இறப்பு ஒன்று. இரண்டு கட்டத்திலும் ஒரே பிள்ளை. அன்றைக்கு அவள் மனதில் ஒரு பிடிவாதம் விழுந்தது. இந்த வார்டுக்கு மருத்துவச்சியைக் கொண்டுவராமல் நான் ஓய்வுபெற மாட்டேன் என்று அவளுக்கு அவளே சொல்லிக்கொண்டாள்.

2023 முடியும் நேரத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. புதிய திட்டம். காலி இடங்களில் மருத்துவச்சிகளைப் போடுவார்கள், ஆனால் வார்டின் ஜனத்தொகை ஐயாயிரத்தைத் தாண்டினால்தான். பதிவில் இருந்தவர்கள் நாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். புறம்போக்கு ஜனங்கள் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். கூட்டிப் பார்த்தாள். தாண்டியது. செலின் அன்று சாப்பிட மறந்தாள்.

பதிவில் இல்லாதவர்களைச் சேர்ப்பதற்கென்று தனிப் படிவம் இருந்தது. பெயர், வயது, ஆணா பெண்ணா. கீழே வார்டு அலுவலகத்தின் முத்திரை. ஆறு வருடப் பென்சில் எழுத்தை அவள் பர்மிய மொழியில் பேனாவால் பெயர்த்தாள். பதினோரு பக்கம் வந்தது. அடையாளப் பெயர்களையும் விடவில்லை, பிறகு வரும் மருத்துவச்சிக்கு ஆளைக் கண்டுபிடிக்க உதவுமே என்று. யாராலும் வாசிக்க முடியாமல் இருந்ததே அந்தப் பட்டியலுக்குக் காவல் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

ஜனவரியில் அதைத் தூக்கிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குப் போனாள். எழுத்தன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். முத்திரை போடத் தடையொன்றும் சொல்லவில்லை. அலுவலகத்துக்கு ஒரு நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டான். பக்கத்து மேசையில் நகல் எடுத்தார்கள். செலின் பழக்கதோஷத்தில் நகலை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் தெளிவாக இருந்தது, நான்காம் பக்கம் மட்டும் மங்கல். பெயர்கள் பாதி விழவில்லை.

"இது சரியில்லையே, இன்னொரு தடவை எடுங்க" என்றாள்.

"யாபாதே, இருக்கட்டும் சயாமா" என்றான் எழுத்தன். வாத்தியாரம்மாவுக்கும் சுகாதாரக்காரிக்கும் அங்கே ஒரே மரியாதை, சயாமா.

"இல்லங்க, மங்கலான ரிக்கார்டு வச்சிருக்கிறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு" என்று சொல்லி, தாளைத் தானே வாங்கி இயந்திரத்தில் நேராக வைத்து, மூடியை அழுத்திப் பிடித்து, பளிச்சென்று ஒரு நகல் எடுத்துக்கொடுத்தாள். நன்றியும் சொல்லிவிட்டு வந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எழுத்தர் பரம்பரை தன் கைச்சுத்தத்தால் கெட்டது.

பிப்ரவரியில் பட்டாளச் சட்டம் வந்தது. பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட ஆண்கள் வந்து சேர வேண்டும் என்று அறிவித்தார்கள். நகரமே கலங்கியது. பாஸ்போர்ட் அலுவலகத்தில் கூட்டம், எல்லை பக்கம் போகும் பஸ்களில் கூட்டம். செலினும் மற்றவர்களைப் போலப் பயந்தாள், மற்றவர்கள் பிள்ளைகளுக்காக. தான் கொடுத்த பதினோரு பக்கங்கள் அவள் நினைவுக்கு வரவேயில்லை. மார்ச்சில் மருத்துவச்சி வந்துவிட்ட சந்தோஷம் வேறு.

இக்ரா என்று பெயர். இருபத்து நான்கு வயது, சிரித்த முகம். வந்த மறுநாளே சேற்றில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு குடிசை குடிசையாகப் போனாள். அஞ்சலி மறுபடி கர்ப்பம் என்று முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். "அன்ட்டி, உங்க லிஸ்ட் இல்லேன்னா நான் யாரையும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். ஐஸ் மோகன் யாருன்னு கேட்டேன், எல்லாரும் முழிச்சாங்க. அஞ்சலிதான் சிரிச்சிக்கிட்டே, அது எங்க வீட்டுக்காரர்னு சொன்னா" என்றாள். செலினும் சிரித்தாள். முப்பத்தொரு வருட வேலையில் அந்த மூன்று மாதம் போல அவள் என்றும் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஜூன் மாதம் ஒரு காலை, படகைவிட்டு இறங்கும்போது துறையில் மோகன் காத்துக்கொண்டிருந்தான். சைக்காவை ஓரமாக நிறுத்தியிருந்தான். எப்போதும் போல இளித்தான், ஆனால் கண் இளிக்கவில்லை.

"சயாமா, ஒரு சீட்டு வந்திருக்கு, பாருங்களேன். அடுத்த புதன்கிழமை வார்டு ஆபீசுல நிக்கணுமாம்."

அவள் வாங்கிப் பார்த்தாள். பட்டாள அழைப்பு. பெயர் இருக்கவேண்டிய இடத்தில் பர்மிய எழுத்தில் 'ஐஸ் மோகன், வயது 27' என்று எழுதியிருந்தது.

"ஐஸ் வித்து எத்தனை வருஷமாச்சு. இவனுங்களுக்கு யாரு சொல்லியிருப்பா?" என்று அவன் கேட்டான். கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உலகத்தில் அந்தப் பெயர் ஒரே ஒரு தாளில்தான் இருந்தது. நான்காம் பக்கம், மேலிருந்து ஏழாவது வரி. செலினுக்கு அந்த வரி கண்ணில் தெரிந்தது, பளிச்சென்று. சைக்காவைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. "நான் போய்ப் பேசுறேன். நீ கவலப்படாத" என்று மட்டும் சொன்னாள். அவன் சரியென்று தலையாட்டினான். அவளைச் சைக்காவில் ஏற்றி வார்டு அலுவலகம் வரை மிதித்துக் கொண்டுபோய் விட்டவனும் அவனே.

எழுத்தன் ஒளித்து மறைக்கவில்லை. மேலிடத்திலிருந்து இத்தனை ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. பதிவில் இருக்கிற வீட்டுப் பையன்கள் முக்கால்வாசிப் பேர் ஓடிவிட்டார்கள். ஓடாதவர்கள் பட்டியல் ஒன்று இருந்தது, அதிலிருந்து ஏழு பேரை எடுத்தோம் என்றான்.

"அது பட்டாளத்துக்குக் குடுத்த பட்டியல் இல்லையே! மருத்துவச்சி கேட்டுக் குடுத்தது. பிள்ள பெத்துக்கிறதுக்குக் குடுத்தது!"

"தாள்ல அப்படியெல்லாம் எழுதியிருக்கா சயாமா? பேரு, வயசு, ஆம்பளையா பொம்பளையான்னு எழுதியிருக்கு. எங்களுக்கு வேண்டியதும் அதேதான்."

மலாவிக்காரி சொன்னது ஏழு வருடம் கழித்து அப்போது காதில் விழுந்தது. இந்த எண் யார் கைக்குப் போகும்?

"ஒரு பேரையாவது எடுத்துடுங்க. அவன் பொண்டாட்டி ஏழு மாசம்" என்று கெஞ்சினாள்.

எழுத்தன் யோசித்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது, அவனுக்கும் ஒரு தம்பி ஒளிந்திருந்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். "ஒரு பேரை மட்டும் எடுக்க எனக்கு வழியில்ல. முத்திர வச்ச பட்டியல். ஆனா தயாரிச்சவங்களே இந்தப் பட்டியல் நம்பத்தக்கதல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, அதுலேருந்து போன சீட்டு ஏழும் செல்லாது. மறுபடி விசாரிக்கணும்னு நிறுத்தி வச்சிருவோம். எழுதுறீங்களா?" ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். பேனாவையும் வைத்தான்.

பட்டியல் பொய் என்றால் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் பொய். வார்டு ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கிவிடும், இக்ராவைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். அஞ்சலிக்கு ஆகஸ்டில் நாள். மறுபடி ஒரு சிறு படகு, மறுபடி பாதி ஆறு. ஒரு பக்கம் ஏழு ஆண்கள், மறு பக்கம் எத்தனையோ தாய்மார்கள். இப்படி எண்ணிப் பார்த்துக்கொண்டே அவள் தாளைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அது ஒரு காரணம். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் இன்னொரு காரணமும் இருந்தது, அதுதான் பெரிது. அந்தப் பட்டியலில் ஒரு பிழை கிடையாது. முப்பத்தொரு வருடத்தில் அவள் எழுதியதிலேயே மெய்யான தாள் அதுதான். அதைப் பொய் என்று எழுதக் கை வரவில்லை. பிரான்சிஸ் மகள் பொய்க்கணக்கு எழுதினாள் என்று ஒரு கோப்பில் கிடக்குமே என்று உள்ளே ஒரு கர்வம் முணுமுணுத்தது. ஓர் ஆள் உயிரை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு அப்படி நினைக்கலாமா? நினைத்தாள். பிற்பாடு அவளே என்னிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"நாளைக்குக் காலையில கொண்டுவரேன்" என்றாள்.

"புதன்கிழமைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. உங்க இஷ்டம்" என்றான் எழுத்தன்.

வெளியே மோகன் காத்திருந்தான். "பேசியிருக்கேன், நாளைக்கு முடிஞ்சிடும்" என்றாள். துறைக்குத் திரும்பும் வழியெல்லாம் அவன் பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டு மிதித்தான்.

வீட்டுக்கு வந்து தூங்காமல் புரண்டு, விடியும் முன்னே எழுந்து உட்கார்ந்து கடிதத்தை எழுதிவிட்டாள். நான் தயாரித்த பட்டியல் நம்பத்தக்கதல்ல. ஒரே வரி. எழுதி முடித்ததும் ஆச்சரியம், அவ்வளவு பாரமாக இல்லை. இதற்கா நேற்று முழுதும் தயங்கினோம் என்று தோன்றியது. முதல் படகைப் பிடித்தாள்.

டாலா துறையில் சைக்காக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். யாரும் சவாரி கேட்கவில்லை. மோகனின் சைக்கா சங்கிலி போட்டுக் கம்பத்தில் பூட்டிக் கிடந்தது. காலை ஐந்தரைக்கு இரண்டு வண்டி வந்ததாம். புதன்கிழமை வரை விட்டால் இவர்களும் ஓடிவிடுவார்கள் என்று ஏழு பேரையும் தூக்கத்திலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். இதைச் சொன்னவன் படகு மோகன். அவனுக்கு நாற்பது வயது, அதனால் தப்பித்தவன்.

செலின் வார்டு அலுவலகத்துக்கு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில் நடுத்தெருவில் ஓடினாள். கடிதத்தை நீட்டி, "இதை அனுப்புங்க, திருப்பி அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

"ஆள் கையவிட்டுப் போயாச்சு சயாமா. இனிமே அது பட்டாளத்துக் கணக்கு, நம்ம கணக்கு இல்ல" என்றான் அவன். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை. ஆனால் கடிதத்தை வாங்கினான். பெற்றுக்கொள்ளப்பட்டது என்று முத்திரை குத்தினான். முறைப்படி ஒரு நகலைச் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்பினான்.

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்பது இதுதான். முதல் நாளே எழுதியிருந்தால் ஏழு பேரும் வீட்டில் இருந்திருப்பார்கள். எழுதாமலே இருந்திருந்தால் இக்ராவாவது நின்றிருப்பாள். ஒரு நாள் தாமதித்து எழுதியதில் இரண்டும் போனது. ஜூலையில் உத்தரவு வந்தது. ஜனத்தொகை சரிபார்க்கப்படாததால் மருத்துவச்சிப் பணியிடம் ஆகஸ்டு முப்பத்தொன்றோடு ரத்து. உத்தரவைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியவளும் செலின்தான். ஏற்றினாள்.

அதற்குப் பிறகு புறம்போக்கில் கதவுகள் சாத்திக்கொண்டன. ஊசி நாளில் யாரும் வரவில்லை. இக்ரா போய்க் கூப்பிட்டால் உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்கும், இங்கே பிள்ளையே இல்லை என்று பதில் வரும். மருந்துப் பெட்டி போனபடியே திரும்பி வந்தது. "நான் என்ன அன்ட்டி தப்பு பண்ணேன்?" என்று அந்தப் பெண் அழுதாள். மோகனிடமிருந்து ஒரு முறை போன் வந்ததாம், இரண்டு நிமிடம். எந்த ஊர் என்று சொல்லவிடவில்லை. பிறகு ஒன்றுமில்லை.

ஆகஸ்டு நடுவில், கொட்டுகிற மழையில், அஞ்சலிக்குப் பிள்ளை பிறந்தது. இக்ராதான் பார்த்தாள். குடிசைக்குள் முழங்கால் தண்ணீர், கட்டில்மேல் பிரசவம். ஆண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, தாயும் பிள்ளையும் நலம். முதல் பிள்ளைக்குக் கிடைக்காதது இரண்டாவதற்குக் கிடைத்தது. அந்த ஒரு பிள்ளைக்காவது நம் பட்டியல் உதவியது என்று செலின் ஆறுதல் தேடினாள். தேடிய ஆறுதல் பிள்ளையின் அப்பன் நினைவு வந்ததும் ஓடிப்போனது.

இக்ராவின் கடைசி ஊசி நாள் ஆகஸ்டு இருபத்தெட்டு. அன்று செலினும் கூடப் போனாள். கையில் பதிவேடு. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். அஞ்சலியின் குடிசை வாசலில் மூன்று பிள்ளைகளோடு மூன்று தாய்மார்கள் இருந்தார்கள். மற்ற இருவரும் அஞ்சலி கூப்பிட்டதால் வந்தவர்கள். செலினைக் கண்டதும் பேச்சு நின்றது.

"அஞ்சலி, ஒண்ணு சொல்லணும். அந்தச் சீட்டு... மோகன் பேரு அவங்களுக்குப் போனது என்னாலதான். நான்தான் எழுதி..."

"தெரியும் சயாமா."

செலின் நின்றாள்.

"அவருக்கு அன்னைக்கே தெரியும். அவர ஐஸுன்னு எழுதுனது நீங்க ஒருத்தர்தானே. சீட்டப் பாத்ததும், இது செலின் சயாமா எழுத்து, அவங்க கையில காட்டுனா அவங்களே சரி பண்ணிடுவாங்கன்னு சொல்லித்தான் துறைக்கு வந்தாரு. ஓடிப்போயிடுங்கன்னு நான் கால்ல விழுந்தேன். எல்லைப் பக்கம் போறதுக்கு ஒரு லாரிக்காரர் அன்னைக்கு ராத்திரியே இடம் வச்சிருந்தாரு." அஞ்சலி பிள்ளையை மடியில் சரிசெய்தாள். "சயாமா நாளைக்கு முடிச்சிருவாங்க, எதுக்கு ஓடணும்னு சொல்லிட்டுப் படுத்தாரு."

மழை ஓலையில் கொட்டிக்கொண்டிருந்தது. செலின் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள். கேட்டால் அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டிய பாரத்தையும் அந்தப் பெண் மேலேயே ஏற்றுகிறோம் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டாள்.

இக்ரா காசநோய் தடுப்பு மருந்தின் சிறு குப்பியை உடைத்தாள். இருபது பேருக்கான மருந்து அதில் இருக்கும், திறந்து ஆறு மணி நேரத்துக்குள் தீராததைக் கொட்டிவிட வேண்டும். ஊசியில் ஏற்றிக்கொண்டு, பழக்கப்படி செலினைப் பார்த்தாள். பெயர் எழுதிய பிறகுதான் ஊசி. முப்பத்தொரு வருட வழக்கம் அது.

செலின் பதிவேட்டைத் திறந்தாள். "பிள்ளைக்கு என்ன பேரு வச்சிருக்க?" என்று கேட்டாள். அவளையறியாமல் வாயில் வந்த கேள்வி.

அஞ்சலி பிள்ளையின் கைச்சட்டையை ஒதுக்கி, சின்னத் தோளை இக்ராவின் பக்கம் காட்டினாள்.

"ஊசி போடுங்க சயாமா. எழுதாதீங்க."

மற்ற இரண்டு தாய்மார்களும் செலினையே பார்த்தார்கள். செலின் பதிவேட்டை மூடினாள். பேனாவையும் மூடினாள். இக்ராவைப் பார்த்துத் தலையசைத்தாள். மூன்று பிள்ளைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வீரிட்டு அழுதன.

சாயங்காலம் அலுவலகத்தில் உட்கார்ந்து அவள் அந்த நாள் படிவத்தை நிரப்பினாள். திறந்த குப்பி: ஒன்று. ஊசி போட்ட பிள்ளைகள்: இல்லை. வீணான மருந்து: இருபது. அவள் எழுதிய முதல் பொய்க்கணக்கு அது. மேலே யாரும் ஏன் என்று கேட்கவில்லை.